பிரிப்பது வேறு, இடிப்பது வேறு: ‘டிஸ்மேண்டில்’ என்ற சொல்லைப் படிப்போம்



வங்கிப் படிவம், மோட்டார் ரிப்பேர் பில், வீடு கட்டுபவர் தரும் எஸ்டிமேட் என்று நம்மிடம் கையெழுத்துக் கேட்டு வரும் தாள்கள் பலவற்றில் ஆங்கிலச் சொற்கள்தான் நிறைய இருக்கின்றன. ஆங்கிலம் முழுவதும் படித்து முடித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவோம் என்று நாம் காத்திருக்க முடியாது. ஆனால் நம் பணத்தையும் பொருளையும் தொடுகிற சில சொற்களையாவது தெரிந்து வைத்துக்கொண்டால் கையெழுத்துப் போடும்முன் ஒரு கேள்வி கேட்க முடியும். அந்த ஒரு கேள்வியே சில நேரம் ஆயிரக்கணக்கில் நம்மைக் காப்பாற்றிவிடும். இந்த இதழில் நாம் படிக்கப்போகும் சொல் ‘டிஸ்மேண்டில்’.

சொல்லும் எழுத்தும்

டி, ஐ, எஸ், எம், ஏ, என், டி, எல், இ. ஒன்பது எழுத்து. டிஸ்-மேண்-டில் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லிப் பாருங்கள். நடுவில் உள்ள ‘மேண்’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

இது ஒரு வினைச்சொல், அதாவது ஒரு வேலையைச் சொல்லும் சொல். பல பாகங்களைச் சேர்த்து உருவாக்கிய ஒன்றை, பாகம் பாகமாகப் பிரித்து எடுப்பது என்பது இதன் பொருள்.

இந்தச் சொல் தாளில் நான்கு விதமாக வரும்:

- டிஸ்மேண்டில் – பிரித்தெடு, கழற்று.
- டிஸ்மேண்டில்டு – பிரித்தாயிற்று; பிரிக்கப்பட்டது.
- டிஸ்மேண்டிலிங் – பிரிக்கும் வேலை. பில்லில் ‘டிஸ்மேண்டிலிங் சார்ஜ்’ என்று இருந்தால் பிரிப்பதற்கான கூலி.
- டிஸ்மேண்டிலர் – பிரிக்கும் வேலையைச் செய்பவர்.

பெட்ரோமாக்ஸ் விளக்கும் இந்தச் சொல்லும்

முன்பெல்லாம் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பெட்ரோமாக்ஸ் விளக்கு எரியும். அதற்குள் வெள்ளையாக ஒரு வலைப்பை கட்டுவார்கள். கடையில் அதை ‘மேண்டில்’ என்று கேட்டுத்தான் வாங்குவோம். அந்த மேண்டில்தான் இந்தச் சொல்லுக்குள்ளும் இருக்கிறது. மேண்டில் என்றால் மேலே போர்த்திக்கொள்ளும் அங்கி, போர்வை. ‘டிஸ்’ என்றால் விலக்கு, அகற்று. போர்த்தியிருப்பதை விலக்குவது என்ற பொருளில் பிரெஞ்சு மொழியில் பிறந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. ஒரு கோட்டையைச் சுற்றியுள்ள மதிலை எடுத்துவிடுவதற்கு இதைச் சொன்னார்கள். கோட்டைக்கு மதில்தானே போர்வை! பிறகு வீடு, எந்திரம், பாலம் என்று எல்லாவற்றையும் பிரிப்பதற்கு இந்தச் சொல் வந்துவிட்டது.

‘டிஸ்’ நமக்குப் புதிதல்ல. கரண்ட் பில் கட்டாவிட்டால் டிஸ்கனெக்ட் செய்கிறார்கள். ஆஸ்பத்திரியில் குணமானால் டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். இனி ‘டிஸ்’ என்று தொடங்கும் சொல்லைக் கண்டால், ஏதோ ஒன்று விலகுகிறதோ என்று யோசித்துப் பாருங்கள். எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது. ஆனால் பல சொற்களுக்குப் பொருந்தும்.

தமிழில் எப்படிச் சொல்கிறோம்?

தமிழில் இதற்கு ஒரே சொல் கிடையாது. இடத்துக்குத் தகுந்த மாதிரி சொல்கிறோம். கூரையைப் பிரிக்கிறோம். நட்டு போல்ட்டைக் கழற்றுகிறோம். கட்டை அவிழ்க்கிறோம். சுவரை இடிக்கிறோம். தேங்காயை உடைக்கிறோம். காகிதத்தைக் கிழிக்கிறோம்.

இவற்றில் பிரிப்பது, கழற்றுவது, அவிழ்ப்பது ஆகியவைதான் டிஸ்மேண்டில். இடிப்பது, உடைப்பது, கிழிப்பது டிஸ்மேண்டில் ஆகாது.

கல்யாணப் பந்தலை நினைத்துப் பாருங்கள். விசேஷம் முடிந்த மறுநாள் பந்தல்காரர் வருகிறார். முதலில் துணியை அவிழ்த்து மடிக்கிறார். பிறகு தகரத்தையோ கீற்றையோ இறக்குகிறார். அதன்பின் குறுக்குக் கம்புகள், கடைசியில் கால்கள். எல்லாவற்றையும் எண்ணி வண்டியில் ஏற்றுகிறார். அடுத்த வாரம் வேறு ஊரில் அதே பொருள் மறுபடி பந்தலாகி நிற்கும். ‘பந்தலை இடிச்சாங்க’ என்று யாராவது சொல்வோமா? பிரித்தார்கள் என்றுதான் சொல்வோம். ஒரு வரிசைப்படி, பொருள் சேதமாகாமல், திரும்பப் பயன்படும்படி பிரிப்பது. இந்தப் பந்தலை நினைவில் வைத்துக்கொண்டால் டிஸ்மேண்டில் என்ற சொல்லை மறக்கவே மாட்டோம்.

எஸ்டிமேட்டில் வரும் இரண்டு சொற்கள்

பழைய வீட்டை எடுத்துவிட்டுப் புது வீடு கட்டும்போது எஸ்டிமேட்டின் முதல் வரியிலேயே இரண்டு சொற்களில் ஒன்று இருக்கும். ஒன்று டிஸ்மேண்டில். இன்னொன்று ‘டெமாலிஷ்’. காதுக்கு இரண்டும் ஒரே மாதிரி கேட்கும். இரண்டும் ‘டி’ என்ற எழுத்தில்தான் தொடங்கும். ஆனால் பொருள் வேறு.

மத்தியப் பொதுப்பணித் துறை கட்டட வேலைகளுக்கு என்று விதிமுறை நூல் வைத்திருக்கிறது. அதில் இந்த இரண்டு வேலைகளுக்கும் தனியாக ஒரு பகுதியே உண்டு. டிஸ்மேண்டில் என்றால் பாகங்களைச் சேதமில்லாமல் கவனமாகப் பிரித்து எடுப்பது. டெமாலிஷ் என்றால் உடைத்து நொறுக்குவது. இப்படி அந்த நூல் இரண்டையும் பிரித்து விளக்குகிறது.

கூடவே இன்னும் இரண்டு சொற்கள் வரும். ‘சர்வீசபிள்’ என்றால் திரும்பப் பயன்படும் பொருள். ‘அன்சர்வீசபிள்’ என்றால் பயன்படாத கழிவு. நல்ல பொருளைத் தனியே அடுக்கி வைப்பது ‘ஸ்டாக்கிங்’, கழிவை அப்புறப்படுத்துவது ‘டிஸ்போசல்’. அரசு வேலைகளில் கூட, இரும்புக் கதவு எத்தனை, மரம் எவ்வளவு என்று கணக்கு எடுத்து அடுக்கச் சொல்கிறார்கள். அரசாங்கமே தன் பழைய பொருளுக்குக் கணக்குக் கேட்கும்போது நாம் மட்டும் ஏன் கேட்கக் கூடாது?

இரண்டு வீடுகள்

எங்கள் பகுதியில் ஒரே ஊரில், இரண்டு குழு உறுப்பினர்களின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம்.

முதல் அம்மாவுடையது மாமியார் காலத்து ஓட்டு வீடு. தேக்கு நிலை, நல்ல விட்டம், உளுக்காத கைமரங்கள். கான்ட்ராக்டர் ஆங்கிலத்தில் டைப் அடித்த தாளைக் கொடுத்தார். ‘டெமாலிஷிங் அண்ட் டிஸ்போசல்’ என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு தொகை. அந்த அம்மா தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலையில் ஜேசிபி வந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் வீடு தரைமட்டம். ஓடெல்லாம் தூள். மரத்தில் உடையாமல் தப்பியது எல்லாம் கான்ட்ராக்டரின் லாரியில் ஏறியது. “ஏங்க, அந்த நிலை எங்க மாமனார் போட்டதுங்க, அதையாவது இறக்குங்க” என்று கேட்டதற்கு, “இடிச்சு அப்புறப்படுத்துறதுன்னு எழுதியிருக்கும்மா, நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க” என்று பதில் வந்தது. வீட்டை எடுப்பதற்குக் கூலியும் கொடுத்து, வீட்டில் இருந்த மரத்தையும் கொடுத்தாயிற்று.

இதைக் கேள்விப்பட்ட அடுத்த தெரு உறுப்பினர், தன் வீட்டுத் தாளைக் குழுக் கூட்டத்துக்கே எடுத்து வந்தார். கல்லூரியில் படிக்கும் ஊக்குநர் மகள் வாசித்துச் சொன்னாள். அதிலும் டெமாலிஷ் என்றுதான் இருந்தது. கூரை, கதவு, நிலை, ஜன்னல் வரைக்கும் டிஸ்மேண்டில் என்றும், மண் சுவருக்கு மட்டும் டெமாலிஷ் என்றும் மாற்றி எழுதச் சொன்னார்கள். கான்ட்ராக்டர் கூலி கூடும் என்றார். கணக்குப் போட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். நான்கு நாள் வேலை நடந்தது. இன்று அந்தப் பழைய நிலை புது வீட்டு வாசலில் நிற்கிறது. ஓடுகள் மாட்டுக் கொட்டகைக்கு ஆயின. மிச்ச மரம் விற்ற காசு சிமெண்டுக்கு ஆயிற்று.

ஒரே ஊர், ஒரே மாதிரி வீடு. தாளில் இருந்த சொல்தான் வேறு.

எப்போதும் பிரிப்பதுதான் லாபமா?

அப்படியும் இல்லை. பிரிக்கும் வேலைக்கு ஆளும் நாளும் அதிகம். பொருள் நன்றாக இருந்தால்தான் அது கட்டுப்படியாகும். கணக்குப் பழகுவதற்காக ஒரு தொகையை வைத்துப் பார்ப்போம்.

இடித்துத் தள்ளக் கூலி 12,000 ரூபாய். பொருள் எதுவும் கிடைக்காது. பிரித்தெடுக்கக் கூலி 20,000 ரூபாய். கிடைக்கும் பொருளின் மதிப்பு 35,000 ரூபாய். இடித்தால் நமக்கு 12,000 செலவு. பிரித்தால் கூலி போக 15,000 மிச்சம். இரண்டுக்கும் வித்தியாசம் 27,000 ரூபாய்.

இப்போது மரமெல்லாம் கரையான் அரித்துவிட்டது, பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்தான் என்று வையுங்கள். பிரித்தால் 15,000 செலவு, இடித்தால் 12,000 செலவு. அப்போது இடிப்பதே மேல். அதனால் தாளில் கையெழுத்துப் போடும்முன் ஒரு மர ஆசாரியைக் கூட்டிவந்து மரத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. தாளில் இருப்பது டிஸ்மேண்டிலா, டெமாலிஷா? எந்தப் பகுதிக்கு எது?
2. பிரித்த பொருள் யாருக்குச் சொந்தம்? நமக்கு என்றால் அதைத் தமிழில் எழுதி வாங்கணும்.
3. கான்ட்ராக்டரே எடுத்துக்கொள்வதானால், அதன் மதிப்பை எஸ்டிமேட்டில் கழித்திருக்கிறாரா?
4. கதவு, ஜன்னல், நிலை, விட்டம், கைமரம், ஓடு எத்தனை என்று எண்ணி, இருவரும் கையெழுத்துப் போட்ட பட்டியல் இருக்கிறதா?
5. கழிவை எங்கே கொட்டுவார்கள்? அந்த வண்டி வாடகை யார் பொறுப்பு?
6. வேலை நேரத்தில் யாருக்காவது அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது?

பிரிக்கும்போது கவனம்

நம் உறுப்பினர்களில் சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். அதனால் இதையும் சேர்த்தே சொல்கிறோம். கட்டும்போது எது கடைசியாக வந்ததோ, பிரிக்கும்போது அது முதலில் போகணும். கூரை மேலே கடைசியாக ஏறியது ஓடு. அதனால் முதலில் இறங்குவது ஓடு.

வேலை தொடங்கும்முன் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி இணைப்பைத் துண்டிக்கச் செய்ய வேண்டும். மெயினை மட்டும் ஆஃப் செய்தால் போதாது. பிறகு முகட்டு ஓடு, அதன்பின் இரண்டு பக்கமும் சமமாக ஓட்டை இறக்க வேண்டும். ஒரே பக்கம் இறக்கினால் பாரம் சாய்ந்துவிடும். அடுத்து ரீப்பர், கைமரம், விட்டம். சுவரை எப்போதும் மேலிருந்து கீழே எடுக்க வேண்டும். அடியில் பறித்துவிட்டுத் தள்ளினால் சுவர் எந்தப் பக்கம் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் சீட்டாக இருந்தால் உடைக்கவே கூடாது, ரம்பம் போட்டு அறுக்கவும் கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரலாம். தண்ணீர் தெளித்து நனைத்து, முழுச் சீட்டாகவே இறக்க வேண்டும். மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டால் அந்தத் தூசி நிற்காது. அதற்கென்று உள்ள மாஸ்க் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது.

மெஷினுக்கும் இதே சொல்

தையல் மெஷினையோ கிரைண்டரையோ சர்வீஸ் செய்தால் பில்லில் ‘டிஸ்மேண்டிலிங் அண்ட் கிளீனிங்’ என்று வரலாம். பிரித்துத் துடைத்ததற்கான கூலி அது. திரும்பப் பூட்டுவதற்கு ‘அசெம்பிள்’ என்று பெயர். பிரித்ததற்குத் தனிக்காசு, பூட்டியதற்குத் தனிக்காசு என்று பில்லில் இருந்தால் முன்கூட்டியே பேசிய தொகையோடு ஒத்துப்பாருங்கள். பாகம் மாற்றியதாகப் பில்லில் இருந்தால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

தையல் மெஷினை நாமே சுத்தம் செய்யலாம். மோட்டார் உள்ளதென்றால் முதலில் பிளக்கைப் பிடுங்கணும். ஒரு வெள்ளைத் துணியை விரித்து, ஊசி, பிளேட், பாபின் கேஸ் என்று கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும். ஒவ்வொன்றைக் கழற்றும்முன்னும் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பூட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்து மாட்டினால் சரியாக வந்துவிடும்.

ஆனால் பழைய பெட்டி டிவியை வீட்டில் பிரிக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. செம்புக்காக வயரை எரிப்பதும் வேண்டாம். அந்தப் புகை விஷம். மின்னணுக் கழிவுகளைப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்ட விதியே இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாததையும் பிரிக்கலாம்

செய்தித்தாளில் இந்தச் சொல்லை வேறு மாதிரியும் பார்ப்போம். ஒரு கடத்தல் கும்பலை டிஸ்மேண்டில் செய்தார்கள், ஒரு அநியாய முறையை டிஸ்மேண்டில் செய்ய வேண்டும் என்று எழுதுவார்கள். பல கண்ணிகள் சேர்ந்து நிற்கும் ஒரு ஏற்பாட்டை ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றுவது என்று பொருள்.

இதற்குப் பக்கத்தில் ‘அபாலிஷ்’ என்று ஒரு சொல் உண்டு. சட்டம் போட்டு ஒழிப்பது அது. கொத்தடிமை முறையை 1976இல் சட்டம் ஒழித்தது. தமிழ்நாட்டில் 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. சட்டம் ஒரே நாளில் வந்துவிடும். ஆனால் ஒரு குடும்பத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் கடனைப் பிரிப்பது ஒரு நாள் வேலை இல்லை. அதுதான் டிஸ்மேண்டில்.

அதற்கும் வரிசை உண்டு. எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுத வேண்டும். வட்டி அதிகமானதை முதலில் கழற்ற வேண்டும். ஐந்து வட்டிக்கு வாங்கிய 10,000 ரூபாய்க்கு மாதம் 500, வருடத்துக்கு 6,000 ரூபாய் வட்டி. அதே 10,000 ரூபாயைக் குழுவில் ஒரு வட்டிக்கு வாங்கி அடைத்தால் மாதம் 100, வருடத்துக்கு 1,200 ரூபாய். மிச்சமாகும் 4,800 ரூபாயை வைத்து அடுத்த கடனைக் கழற்றலாம். அடைக்கும்போது புரோநோட்டு, வெறும் தாளில் போட்டுக்கொடுத்த கையெழுத்து, அடகாகக் கொடுத்த ரேஷன் கார்டு எல்லாவற்றையும் திரும்ப வாங்கி, ரசீதும் எழுதி வாங்க வேண்டும். பாகம் ஒன்று அவர் கையில் நின்றால் முழுவதும் பிரிந்ததாக ஆகாது.

தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் அரசின் மகளிர் குழுத் திட்டம் தொடங்கியது. அன்று முதல் நம் பெண்கள் வாரம் வாரம் சேமித்துச் செய்துவருவதும் இந்த வேலைதான்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பார்க்க

கீழே உள்ளவற்றில் எவை டிஸ்மேண்டில்? ஊக்குநர் வாசிக்க, மற்றவர்கள் பதில் சொல்லுங்கள்.

1. திருவிழா முடிந்து கடைக்காரர் ராட்டினத்தைக் கழற்றி லாரியில் ஏற்றினார்.
2. பூசைக்குத் தேங்காய் உடைத்தோம்.
3. ஜேசிபி வைத்துச் சுற்றுச்சுவரைத் தள்ளினார்கள்.
4. மெக்கானிக் பம்ப்செட் மோட்டாரைப் பாகம் பாகமாகப் பிரித்தார்.
5. வேலியில் மாட்டிச் சேலை கிழிந்தது.
6. மாவு மில்லை மூடி, எந்திரங்களைக் கழற்றி விற்றார்கள்.

விடை: 1, 4, 6 மூன்றும் டிஸ்மேண்டில். மூன்றாவது டெமாலிஷ். இரண்டாவது உடைப்பது, ஐந்தாவது கிழிவது.

பதில் சொல்லி முடித்ததும் இன்னொன்றும் கேளுங்கள். இந்த வருடம் வீடு எடுத்துக் கட்டப்போகிறவர்கள் நம் குழுவில் யார் யார்? எஸ்டிமேட் வாங்கியதும், முன்பணம் கொடுக்கும்முன், அந்தத் தாளைக் கூட்டத்துக்குக் கொண்டு வரலாம் என்று தீர்மானம் போட்டு மினிட்ஸ் நோட்டில் எழுதுங்கள். படிக்க ஆள் இல்லையென்றால் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள், உட்கார்ந்து வாசித்துச் சொல்கிறோம். டெமாலிஷ் என்ற சொல்லை டிஸ்மேண்டில் என்று மாற்ற ஒரு பேனா போதும். ஆனால் அதைக் கையெழுத்துப் போடும்முன் செய்ய வேண்டும்.